வன்செயலும் சமயத் தலைவர் கடமையும்



கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில் அமைந்த ஊர். ஆட்சியால் நாம் கேரளத்தார். வீட்டு மொழியால் நம்மில் மிகப் பலர் தமிழர். வேலந்தாவளம் வழியே கோயம்புத்தூருக்கும், கோபாலபுரம் வழியே பொள்ளாச்சிக்கும் நாள்தோறும் போய்வருகிறோம். பெரிய மருத்துவமனையும், மொத்தக் கடையும், பிள்ளைகள் படிக்கும் கல்லூரியும் பலருக்கு எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஆகவே கோயம்புத்தூரில் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தால், அது வேற்று மாநிலத்துச் செய்தியாக நமக்குப் படுவதில்லை. காலையில் பேருந்து ஏறிச் சென்றவர் மாலையில் திரும்புவாரா என்ற கவலையாகவே அது முதலில் நம் வீட்டுக்குள் நுழைகிறது.

இப்பகுதிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. இங்கே சமயங்கள் மூன்று. பேசும் மொழி பெரும்பாலும் ஒன்று. மாரியம்மன் கோயில் கொடைக்குக் கூடுவோர் தமிழ் பேசுகின்றனர். ராவுத்தர் குடும்பங்களின் அடுக்களை மொழியும் தமிழே. கத்தோலிக்கரிடையிலும் தமிழ் வழிபாடு வேரூன்றியுள்ளது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது நேயர்கள் பலர் அறிந்ததே. இதனால் விளைவது என்ன? ஒரு சமயத்தின் ஒலிபெருக்கியில் சொல்லப்படுவது மற்ற இரு சமயத்தாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாமலே புரிந்துவிடுகிறது. நல்ல சொல்லும் அப்படியே பரவுகிறது. தீய சொல்லும் அப்படியே பரவுகிறது. சமயத் தலைவர் ஒருவர் தம் மக்களிடம் மட்டும் பேசுவதாக எண்ணிக்கொண்டு பேச இவ்வூர்களில் இடமில்லை.

சமயத்தின் பெயரால் வன்செயல் நிகழும்போது சமயத் தலைவர்கள் செய்யத்தக்கது யாது? இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று கூறி, மூன்று சமயத்தாரும் ஒரே மேடையில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொள்வது. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அந்தப் படம் நாளிதழில் வெளிவருமுன் பல வீடுகளில் அடுப்பு அணைந்துவிடுகிறது.

கோயம்புத்தூரின் கதையைச் சற்று நின்று நினைவு கொள்வோம். 1997-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. டிசம்பர் 6-ஆம் நாள் மூன்று ரயில்களில் குண்டுகள் வெடித்தன. பின்னர், 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சனிக்கிழமை, நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டுக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு தெரியவில்லை.

காவலர் கொலையுண்ட நாளுக்கும் குண்டுகள் வெடித்த நாளுக்கும் இடையே 77 நாட்கள் இருந்தன. கலவரங்களைப் பற்றிப் பேசுவோர் முதல் நாளையும் இறுதி நாளையும் விரிவாகச் சொல்வார்கள். இடையில் கிடந்த நாட்களைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். நம் கருத்தில், சமயத் தலைவரின் வேலை அந்த இடைநாட்களில்தான் இருக்கிறது. காவலரின் வீட்டில் இழவு. பதினெட்டு வீடுகளில் இழவு. இவ்வீடுகளின் வாசலில் யார் வந்து நின்றார், யார் வரவில்லை என்பதைச் சிறுவர்களும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். நியாயம் கிடைக்காது என்று ஓர் இளைஞன் முடிவு கட்டுவது ஒரே நாளில் நடப்பதில்லை. அவனுக்கு அந்த முடிவை ஊட்டக் காத்திருப்போர் அந்த நாட்களில் சும்மா இருப்பதும் இல்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். குண்டு வைக்கத் துணிந்தவன் இமாம் சொல்லைக் கேட்பானா? பழிவாங்கப் புறப்பட்டவன் ஆதீனகர்த்தர் சொல்லுக்கோ ஆயர் சொல்லுக்கோ அடங்குவானா? அடங்கமாட்டான் என்பதே உண்மை. தன் சமயத் தலைவரைக் கோழை என்றும் விலைபோனவர் என்றும் இகழ்ந்த பிறகே அவன் அந்த வழியில் இறங்குகிறான். எனவே, தலைவர் பேசினால் வன்செயல் நின்றுவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் வன்செயல் செய்பவன் தனி ஆள் அல்லன். அவனுக்கு ஓர் அறை வாடகைக்குத் தருபவர் உண்டு. எதற்கென்று கேளாமல் வண்டியை இரவல் கொடுப்பவர் உண்டு. சந்தேகம் கொண்டும், நமக்கென்ன என்று வாய்மூடி இருப்பவர் உண்டு. ‘அவன் செய்தது தவறுதான், இருந்தாலும் அவர்களுக்கு இது வேண்டும்’ என்று தேநீர்க் கடையில் அமர்ந்து சொல்பவர் உண்டு. இவர்கள் எல்லாரும் வழிபாட்டுக்கு வருகிறவர்கள். தலைவரின் சொல்லைக் காதில் வாங்குகிறவர்கள். இந்தச் சுற்று வட்டமே தலைவரின் சபை. இவர்கள் முகம் சுளித்தால் வன்செயலாளனுக்கு ஊருக்குள் நிற்க இடம் சுருங்கும். இவர்கள் புன்முறுவல் காட்டினால் அவன் வீரனாவான்.

இவ்வட்டத்தாரிடம் பேசுவது எளிதன்று. பிற சமயத்தாரின் கொடுமையைக் கண்டிப்பதற்குத் துணிவு வேண்டாம். கைதட்டல் தானே கிடைக்கும். தம்மவரின் கொடுமையைத் தம்மவர் முன்னிலையில், தம் தாய்மொழியில், தம் மேடையிலிருந்தே கண்டிப்பதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். விலை கொடுத்த ஒருவரை நம் கேரளத்திலேயே காணலாம். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது நாட்டின் பல நகரங்களில் இரத்தம் சிந்தப்பட்டது. அந்நாளில் பாணக்காடு முகம்மதலி சிஹாப் தங்கள், ஆன்மிகத் தலைவராகவும் முஸ்லிம் லீக்கின் மாநிலத் தலைவராகவும் விளங்கியவர், தம் மக்களிடம் பொறுமை காக்கும்படி வேண்டினார். மனம் புண்பட்டிருந்தவர்களிடம்தான் அதைச் சொன்னார். புண்ணே இல்லை என்று சொல்லவில்லை. அந்த நிதானப் போக்கைப் பலவீனம் என்று கருதியோர் அவர் கட்சிக்குள்ளேயே இருந்தனர். 1994-ஆம் ஆண்டில் கட்சியின் மூத்த தலைவர் இப்ராகிம் சுலைமான் சேட் பிரிந்து சென்று இந்தியன் நேஷனல் லீக்கைத் தொடங்கினார். தங்கள் 2009-ஆம் ஆண்டில் மறையும் வரை அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அரசியலில் அவரோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த டிசம்பரில் அவர் செய்த பணியை ஒப்பாமல் இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான செயல் ஒன்று குமரி மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1982-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை விழாவின்போது இந்துக்களுக்கும் மீனவக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கடற்கரையில் மூண்ட பூசல், துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்ச்சேதத்திலும் முடிந்து, கரையோர ஊர்கள் பலவற்றுக்கும் பரவியது. அப்போது குன்றக்குடி அடிகளார் அங்கே சென்றார். அவர் சைவ ஆதீனம் ஒன்றின் தலைவர். திருநீறும் காவியும் தரித்தவர். கலவரம் சூடாக இருந்த இடத்தில் அந்தக் கோலமே சிலருக்கு அச்சத்தையும் சிலருக்குத் தவறான ஊக்கத்தையும் தந்திருக்கக்கூடும். அவர் இரு தரப்பாரையும் கண்டு பேசி அமைதிக்கு உழைத்தார். பின்னர் மூன்று சமயத்தாரையும் ஒன்றுகூட்டித் திருவருட் பேரவை என்ற அமைப்பையும் நடத்தினார். நாம் இதில் சிறப்பாகக் கருதுவது, அவர் குன்றக்குடியில் அமர்ந்து அறிக்கை விடுக்கவில்லை என்பதையே. மடத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் உள்ள தொலைவை அவர் உடலால் கடந்தார். புண்பட்ட மக்கள் அறிக்கையைப் படிக்கும் நிலையில் இருப்பதில்லை. நம் தெருவுக்கு ஒருவர் வந்தார் என்பதை மட்டும் அவர்கள் மறப்பதில்லை.

அறிக்கை என்றதும் ஒரு சொல்லைப் பற்றிக் கூறத் தோன்றுகிறது. அது ‘ஆனால்’ என்னும் சொல். சற்று முன் நாமும் அதைக் கையாண்டோம்; இலக்கணப்படி குற்றமற்ற இடைச்சொல்தான். எனினும் ஒரு படுகொலைக்குப் பின் சமயத் தலைவர் வாயிலிருந்து அது வரும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. ‘இச்செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம், ஆனால்’ என்று வாக்கியம் தொடங்கினால், கேட்போர் முன்பாதியை விட்டுப் பின்பாதியையே பிடித்துக்கொள்கின்றனர். பின்பாதியில் சொல்லப்படும் குறை மெய்யான குறையாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேறு நாள் வரும். நீதிமன்றமும் சட்டமன்றமும் இருக்கின்றன. பிணம் கிடக்கும் நாளில் கண்டனம் முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும்.

இனிக் கடல் கடந்து இலங்கையைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய விடுதிகளிலும் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஞாயிறு தேவாலயங்கள் திறக்கப்படவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சி வழியே கண்டனர். தம் மந்தையைப் பறிகொடுத்த மேய்ப்பர் அவர். பழி வேண்டாம் என்று அம்மக்களிடம் அவரே சொல்ல வேண்டியிருந்தது. மே 5-ஆம் நாள் நீர்கொழும்பில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கைகலப்பு ஏற்பட்டது. அவர் அங்கே சென்றார். முஸ்லிம் ஒருவருக்கும் தீங்கு செய்யாதீர் என்று கத்தோலிக்கரை வேண்டினார். அப்பகுதியில் மது விற்பனையைத் தடுத்து வைக்கும்படியும் கேட்டார். இந்தக் கடைசி வேண்டுகோளை நாம் மிகவும் மதிக்கிறோம். கலவரத்தின் கூறுகளை நேரில் அறிந்த ஒருவர்தான் அன்பைப் பற்றிப் பேசும்போதே சாராயக் கடையைப் பற்றியும் பேசுவார்.

இருந்தும், மே 13-ஆம் நாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். கர்தினாலின் சொல் எட்டாத கூட்டங்களும் அந்நாட்டில் இருந்தன. ஒரு தலைவரின் சொல் அவருடைய சபையின் எல்லை வரையே செல்லும். ஆகையால் ஒவ்வொரு சபைக்கும் ஒருவர் வேண்டும்.

அதே இலங்கையில் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் சமயத் தலைவர்களுக்கு அநீதி செய்தவராவோம். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவனுடைய வெறுப்புப் பேச்சை அவ்வூர் முஸ்லிம்கள் முன்னரே எதிர்த்தனர். 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் சூஃபி நெறியினரோடு அவன் ஆட்கள் மோதிய பின் அவன் தலைமறைவானான். முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். ‘முஸ்லிம் தலைவர்கள் ஏன் முன்பே பேசவில்லை’ என்று பின்னாளில் கேட்டவர்கள், பேசிய போது கேட்டவர் யார் என்பதை விசாரிக்கவில்லை. சமயத் தலைவரின் கடமை ஒன்று. காவல்துறையின் கடமை வேறு. ஐயம் எழுந்தபோது அதை உரியவரிடம் தெரிவிப்பது வரைக்குமே முன்னவரைப் பொறுப்பாக்கலாம்.

இறந்த தாக்குதல்காரரை அடக்கம் செய்வதும் ஒரு சிக்கல். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையைத் தாக்கியவருள் மாண்ட ஒன்பது பேரின் உடல்களைப் பெரிய கபரஸ்தானில் புதைக்க அதன் நிருவாகத்தார் இணங்கவில்லை. இத்தகைய செயல் செய்தோர் இஸ்லாத்தைச் சார்ந்தவர் ஆகார் என்பது அவர்கள் கருத்து. பிணத்துக்கு மண் தருவது எல்லார்க்கும் கடமையன்றோ என்று வாதிட்டவரும் உண்டு. அந்த வாதத்தையும் நாம் எளிதில் தள்ளிவிடமாட்டோம். ஆனாலும் மும்பையின் மற்றச் சமயத்தார் அச்செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் அறிக்கைகளுக்கு இல்லாத தெளிவு அந்த மறுப்பில் இருந்தது.

நம் அண்டைக்கே திரும்புவோம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாளை நாம் மறக்கவியலாது. அன்று விஷு, அன்றே பெரிய வெள்ளி, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையும் அதுவே. மூன்று சமயத்தாரும் நோன்பிலோ வழிபாட்டிலோ இருந்த அந்த ஒரே நாளில், எலப்புள்ளியில் ஓர் இயக்கத்தைச் சார்ந்தவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மறுநாள் பாலக்காட்டு நகரில், எதிர் இயக்கத்தைச் சார்ந்தவர் தம் கடையில் இருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். ஐந்து திங்களுக்கு முன், 2021 நவம்பரில், இதே வட்டாரத்தில் மற்றொரு கொலை நடந்திருந்தது. இவை இயக்கப் பகையால் நிகழ்ந்த கொலைகள். சமயச் சண்டை என்று சொல்லக் கூடாது என்பார் உளர். சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகலாம். ஆயினும் தெருவில் பேசிக்கொண்டது ‘அவர்களில் ஒருவர், நம்மில் ஒருவர்’ என்றுதான். எண்ணிக்கை சமமாகிவிட்டது போலச் சிலர் பேசியதைக் கேட்டபோது நமக்கு உடல் கூசியது. மாவட்டத்தில் தடையுத்தரவு பிறந்தது. அரசியல் கட்சிகளின் அமைதிக் கூட்டம் கூட்டப்பட்டது. கட்சிகளின் கூட்டம் கட்சிகளின் கணக்கில்தான் நடக்கும். அந்த இரு நாட்களில் இழவு வீடுகளுக்கு இரு சமயப் பெரியோரும் சேர்ந்தே போயிருந்தால், எண்ணிக்கைப் பேச்சு அவ்வளவு எளிதாக நாவில் வந்திருக்குமா?

சேர்ந்து போவதும், எதிர்த்தரப்பின் வாசலுக்குப் போவதும் நடவாத செயல்கள் அல்ல. அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், தீபாவளிக்கு முந்திய விடியலில், கோயம்புத்தூர்க் கோட்டை ஈசுவரன் கோயிலுக்கு முன்னால் ஒரு கார் வெடித்து, ஓட்டி வந்த இளைஞர் மாண்டார். 1998-ஐ நினைத்து நகரமே நடுங்கியது. பதினைந்து நாட்களுக்குள் கோட்டைமேட்டு ஜமாஅத்துக்களைச் சேர்ந்தோர் அந்தக் கோயிலுக்கே சென்று, அங்குள்ளோரைக் கண்டு, தலைமுறைகளாக உடன் வாழ்ந்து வரும் உறவைப் பேசினர். பெரிய மாநாடு அன்று. ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நடந்து போகிற தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க 1998-இல் எத்தனை கால்கள் தயங்கியிருக்கும் என்று எண்ணுகையில் இதன் அருமை விளங்கும். ‘எங்களுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை’ என்று சொல்லி வீட்டில் இருந்துவிட அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஒருவன் செயலுக்கு ஒரு சமூகத்தைப் பொறுப்பாக்குவது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. உரிமை இருந்தும் அதைப் பாராட்டாமல் அவர்கள் எழுந்து போனார்கள்.

கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் ஆயரின் மறையுரை இரு சமயத்தாரிடையே கசப்பை மூட்டியபோது, கர்தினால் பசேலியோஸ் கிளீமிஸ் அழைப்பின் பேரில் செப்டம்பர் 20-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பல சமயத் தலைவர்களும் கூடினர். அது நல்ல காரியமே. ஆனால் தலைநகரில் பேசப்பட்ட நல்லுரை வேலந்தாவளம் சாலைக்கு வந்து சேர்வதற்குள், செல்பேசியில் வந்த கெட்ட செய்தி நூறு கைகள் மாறிவிடுகிறது. வதந்திக்கு விடை சொல்ல வேண்டியவர் உள்ளூரார்; அதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்குள். அதற்கு முன்னேற்பாடு வேண்டும். நம் ஊர்ப் பங்குத்தந்தையிடமும், பள்ளிவாசல் முத்தவல்லியிடமும், கோயில் அறங்காவலரிடமும் மற்ற இருவரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் அளவுக்குப் பழக்கமும் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைக்குமுன் அவர் வேறிடங்களில் பேசியதை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். மேடையைக் கொடுத்த பிறகு, அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது பொருந்தாது.

நம் ஊர்ப் பக்கம் கோடை வந்தால் கொடை விழாக்கள் தொடங்குகின்றன. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், மேளம் எவ்விடத்தில் அடங்கும், தொழுகை நேரம் எது என்ற பேச்சுகள் எழுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் அவை பெரியவர்களின் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகின்றன, செய்தித்தாளுக்கு எட்டுவதில்லை. அப்பெரியவர்களுக்கு வயதாகி வருகிறது. அவர்கள் பேசப் போகும்போது இரு தரப்பிலும் இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை உடன் அழைத்துப் போனால், அடுத்த ஆண்டுக்கும் அது உதவும். இவ்வாண்டுக் கொடிமரம் நடுவதற்கு முன்பே அந்த அழைப்பு போகட்டும்.